டீசல் ஃபில்டர் மாற்றிய நான்காம் நாளிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது: சீல் பிரச்சினையா?

ஒற்றைமாட்டுவண்டி
எல்லோருக்கும் வணக்கம். முதன்முறையாக நானே டீசல் ஃபில்டர் மாற்றினேன். கார் காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில், அதாவது ரெயிலில், உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கிற வகை), 1.4 லிட்டர். ஃபில்டர் பானட்டுக்குள் மேலேயே இருக்கிறது, பக்கத்தில் கையால் அமுக்குகிற ரப்பர் பந்து. டேங்குக்குள் மோட்டார் கிடையாது, இன்ஜினில் இருக்கிற பம்புதான் இழுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதைப் போட்டு, பெட்டியோடு வந்த பெரிய ஓரிங்கை (ரப்பர் வளைய சீல்) மூடியில் மாட்டி இறுக்கினேன். பந்தை அமுக்கி ஏர் எடுத்தேன், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஒரு குறையும் இல்லை.

நான்காம் நாள் காலை ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடி ஓடியது, அப்படியே அணைந்தது. அப்புறம் பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்த பிறகுதான் குலுங்கிக்கொண்டே பிடித்தது. சூடான பிறகு நிறுத்தி எடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. தினமும் காலையில் இதே கதை, நாளுக்கு நாள் மோசமாகிறது. தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை, கை வைத்துத் தடவிப் பார்த்தாலும் ஈரம் இல்லை. புது ஃபில்டர் டூப்ளிகேட்டாக இருக்குமோ?

கரும்புகை
காலையில் மட்டும் என்றால் ஹீட்டர் பிளக் (குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்ய உதவுவது) போயிருக்கும். நாலையும் மாற்றுங்கள். பேட்டரியையும் பாருங்கள். கூடவே டேங்கில் ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

ஸ்பானர்14
ஹீட்டர் பிளக் போனால் இப்படி இருக்காது. அப்போது செல்ஃப் அடிக்கும்போதே சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், அதாவது டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. ஒற்றைமாட்டு, நீண்ட நேரம் செல்ஃப் அடிக்கும்போது பின்னால் புகை வருகிறதா, வரவில்லையா? யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒற்றைமாட்டுவண்டி
இன்று காலை மனைவியை நிற்கச் சொன்னேன். புகையே இல்லை. பிடித்த பிறகுதான் ஒரு குபுக்.

ஸ்பானர்14
அப்படியானால் டீசல் போகவில்லை. ராத்திரி எங்கோ ஏர் இழுக்கிறது. இரண்டு விநாடி ஓடி அணைவதுதான் இதற்கு அடையாளம். பம்புக்குள் மிச்சம் இருந்த டீசலில் ஸ்டார்ட் ஆகிறது, அது தீர்ந்ததும் பின்னால் வருவது காற்று. காமன் ரெயிலில் ரெயிலுக்குள் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வராமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. காற்றை அமுக்கினால் அழுத்தம் எங்கே ஏறும்? அதனால்தான் வெறும் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது.

ஒற்றைமாட்டுவண்டி
ஆனால் ஒழுகவே இல்லையே அண்ணே. ஒழுகாத இடத்தில் காற்று எப்படிப் போகும்?

பழையடீசல்
தம்பி, எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உன் வண்டியில் டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் உள்ள பாதை முழுக்க உறிஞ்சுகிற பக்கம். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சும்போது ஸ்ட்ராவின் நடுவில் ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? இளநீர் அதன் வழியாக ஒழுகாது. வாயில் காற்றுதான் வரும்.

வண்டி ஓடும்போது பம்பு வேகமாக இழுப்பதால் சின்னக் குமிழிகளையும் விழுங்கிக்கொண்டு ஓடிவிடும். மிச்ச டீசல் திரும்புகிற ரிட்டர்ன் பைப் வழியாகக் காற்று டேங்குக்குப் போய்விடும். நிறுத்திய பிறகுதான் வேலையைக் காட்டும். டேங்க் கீழே, ஃபில்டர் மேலே. ஓட்டை வழியாகக் காற்று நுழைய நுழைய, பைப்பில் நிற்கிற டீசல் தன் எடையிலேயே டேங்குக்குத் திரும்ப இறங்கும். ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கும், ஒரு ராத்திரியில் நிறைய இறங்கும். அதனால்தான் சூட்டில் உடனே எடுக்கிறது, காலையில் அழுகிறது.

இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். இன்று ராத்திரி சரிவான இடத்தில், வண்டியின் மூக்கு கீழே, டேங்க் மேலே இருக்கிற மாதிரி நிறுத்து. காலையில் பட்டென்று ஸ்டார்ட் ஆனால் ஏர்தான். சரிவு இல்லையென்றால் டேங்கை நிரப்பிவிட்டுப் பார். டேங்க் மட்டம் உயர்ந்தால் டீசல் இறங்குவது குறையும், தொந்தரவும் குறையும். கால் டேங்கில் மோசம், முழு டேங்கில் பரவாயில்லை என்றால் அதுவும் ஏரின் அடையாளம்தான்.

அப்புறம், நீ சொன்னதில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. முதல் மூன்று நாள் நன்றாக இருந்தது என்கிறாய். ஓரிங் நசுங்கி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். மூன்று நாள் கழித்து ஆரம்பித்து நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் ஏதோ ஒன்று மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது. பெரிய ஓரிங் பெட்டியோடு வந்தது என்றாய். வேறு எந்த சீலைத் தொட்டாய்? மறைக்காமல் சொல்.

ஒற்றைமாட்டுவண்டி
சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினேன். காலையில் தொட்டவுடன் ஸ்டார்ட்! கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மூடியின் உச்சியில் ஒரு சின்ன ஏர் ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கழற்றியபோது அடியில் இருந்த குட்டி ஓரிங் பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. பெட்டியில் அதற்கு மாற்று இல்லை. வீட்டில் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு வாங்கிய ஓரிங் பாக்கெட் ஒன்று கிடந்தது, அதில் அளவு கச்சிதமாக ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். அளவு சரிதானே என்று நினைத்தேன்...

பழையடீசல்
ஆள் அகப்பட்டான்.

ஸ்பானர்14
அளவு சரிதான், ரப்பர் தப்பு. தண்ணீருக்குப் போடுகிற ஓரிங்குகளில் நிறைய இபிடிஎம் ரப்பர். தண்ணீரிலும் வெந்நீரிலும் ராஜா மாதிரி இருக்கும், பிரேக் ஆயிலிலும் தாங்கும். டீசல், பெட்ரோல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் உறிஞ்சி ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். டீசலுக்கு நைட்ரில் அல்லது வைட்டான். நைட்ரில் சாதாரணமாகப் போதும், வைட்டான் சூட்டையும் பயோடீசல் கலப்பையும் இன்னும் நன்றாகத் தாங்கும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு ஓரிங் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வைட்டான் பழுப்பில் வரும், பச்சையில் வரும், கறுப்பிலும் வரும்.

கரும்புகை
ஒரு ஓரிங்குக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அந்த ஸ்க்ரூவைச் சுற்றி சிலிகான் கேஸ்கட் பேஸ்ட் அப்பிவிட்டால் முடிந்தது. நான் ஆயில் சம்ப்புக்கு அதைத்தான் போடுகிறேன், ஐந்து வருடமாக ஒழுகவில்லை.

பழையடீசல்
கரும்புகை, ஆயில் சம்ப்பு வேறு, டீசல் லைன் வேறு. சாதாரண சிலிகான் பேஸ்ட் டீசலில் ஊறி, பிசுபிசுத்து, துணுக்குத் துணுக்காகப் பிரியும். ஃபில்டருக்கு முன்னால் பிரிந்தால் ஃபில்டரை அடைக்கும். ஃபில்டருக்குப் பின்னால் பிரிந்தால் அதைத் தடுக்க ஆளே இல்லை, நேராகப் பம்பு, அங்கிருந்து இன்ஜெக்டர். நல்ல டீசல் ஃபில்டர் நாலைந்து மைக்ரான் அளவுத் தூசியைக்கூடப் பிடிக்கும். நம் தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் இருக்கும். அவ்வளவு சலித்துக் கொடுக்கிற இடத்தில் கையால் பேஸ்ட் அப்புவதா?

பழைய காலத்து ரோட்டரி பம்புக்காவது கொஞ்சம் பொறுமை உண்டு. இப்போது ரெயிலில் 1,600 பார், 2,000 பார் என்று அழுத்தம். பம்புக்கு மசகும் அந்த டீசல்தான், தனி ஆயில் கிடையாது. காற்றை விழுங்கினாலும் வறண்டு தேயும், தூசியை விழுங்கினாலும் கீறும். காமன் ரெயிலோடு முதல் கார் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156. அதற்கு முன்பு வேலை கற்றவர்கள் நாங்கள். பழைய பழக்கங்களில் பாதியை மறக்க வேண்டியிருந்தது.

இரவுப்பயணி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மறக்க வேண்டிய பழக்கம் என்றால் எது எது சார்? நான் அடுத்த வாரம் என் காரில் ஃபில்டர் மாற்றப்போகிறேன். என்னுடையதில் டேங்குக்குள் மோட்டார் இருக்கிறது.

பழையடீசல்
முக்கியமாக இரண்டு. ஒன்று, ஏர் எடுப்பதற்காக இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பது. பழைய இன்ஜினில் அதுதான் வழக்கம். காமன் ரெயிலில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே விரலே அழுகிப்போகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று, புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பி மாட்டுவது.

டார்க்ரெஞ்ச்
இரண்டாவதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிரப்பாமல் மாட்டினால் பம்பு எவ்வளவு நேரம் வறண்டு சுற்றும்? அதுவும் கெடுதல்தானே. ஸ்க்ரூ டைப் ஃபில்டரில் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் அழுக்குப் பக்கம், நடு ஓட்டை சுத்தமான பக்கம். சுற்றியுள்ள ஓட்டைகள் வழியாக ஊற்றினால் டீசல் சலித்துதான் நடுவுக்கு வரும். நடு ஓட்டையில் ஊற்றாமல் இருந்தால் போதும்.

பழையடீசல்
நீங்கள் சொல்வதும் சரி. எந்த ஓட்டை எது என்று பார்த்து ஊற்றுகிற ஆளுக்கு அது சரி. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் நடு ஓட்டையில்தான் புனல் வைப்பார்கள், அதனால்தான் மொத்தமாக வேண்டாம் என்கிறேன். கைப்பந்து இருந்தால் அதை அமுக்கியே நிரப்பலாம், பந்து கல் மாதிரி கெட்டியாகும் வரை. இரவுப்பயணி, உங்களுக்கு மோட்டார் இருப்பதால் இன்னும் சுலபம். சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல், மோட்டார் சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். ஐந்தாறு தடவை. அதற்கு முன் ஸ்டார்ட்டுக்குப் போகாதீர்கள். சில கார்களில் மோட்டாரைக் கணினி வழியாகத்தான் ஓட வைக்க முடியும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் டேங்கிலிருந்தே அழுத்தம் வருவதால் சீல் தப்பாக உட்கார்ந்தால் வெளியே ஒழுகும், உடனே தெரிந்துவிடும். ஒற்றைமாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

டார்க்ரெஞ்ச்
இரவுப்பயணி, இன்னும் சில. மூடியைத் திறக்கும் முன்பே சுற்றுப்புறத்தை பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள், திறந்த பிறகு துடைத்தால் மண் உள்ளேதான் விழும். கீழே துணி விரியுங்கள். டைமிங் பெல்ட், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஹோஸ் எதன் மேலும் டீசல் கொட்டக் கூடாது, ரப்பர் கெடும். சூடான டர்போ மேல் கொட்டினால் தீப்பிடிக்கும். இன்ஜின் ஆறட்டும்.

பழைய ஓரிங் மூடியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், நிறமும் மூடியின் நிறமும் ஒன்று. அதன் மேலேயே புதியதையும் மாட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. விரல் நகத்தால் பள்ளத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். புது ஓரிங்கில் சுத்தமான டீசல் தடவி மாட்டுங்கள், கிரீஸ் வேண்டாம். உலர்ந்த ஓரிங் மூடி திரும்பும்போது கூடவே முறுக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடிக்கு பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர், மூடியின் மேலேயே பொறித்திருப்பார்கள், அதைத்தான் நம்ப வேண்டும். ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்கினால் மூடி விரிசல் விடும், சீல் சரியாகாது. பேஞ்சோ போல்ட் (பைப்பை இணைக்கிற, நடுவில் ஓட்டையுள்ள போல்ட்) இருந்தால் அதன் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

ஸ்பானர்14
பைப்பின் கிளிக் கனெக்டரையும் சொல்லுங்கள். இரண்டு பக்கக் காதையும் அமுக்கி, முதலில் சற்று உள்ளே தள்ளி, அப்புறம் வெளியே இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் காது உடையும். நான் உடைத்திருக்கிறேன். அந்தக் கனெக்டருக்குள்ளும் ஒரு ஓரிங் உண்டு.

ஒற்றைமாட்டுவண்டி
இன்று ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். எழுதினால் நம்ப மாட்டீர்கள். போடும்போது ஸ்க்ரூவின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்த ஓரிங், இப்போது பள்ளத்தைவிடப் பெரிதாகி ஒரு பக்கம் வளையமாகத் தொங்குகிறது. தொட்டால் ஊறிய அப்பளம் மாதிரி வழவழ. ஒரு இடத்தில் மரை அதை வெட்டி, மெல்லிய தோல் மாதிரி உரிந்திருக்கிறது. பாக்கெட்டில் மிச்சம் இருந்த இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே அளவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றரை மடங்காவது இருக்கும்.

அளவு எடுத்து வைட்டான் ஓரிங் வாங்கிவிட்டேன். நாளை மாட்டுகிறேன்.

பழையடீசல்
நல்லது. உரிந்த தோல் துணுக்கு உள்ளே விழுந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிடு. ஃபில்டருக்கு முந்தைய அறையில் விழுந்திருந்தால் பயமில்லை, எடுத்துவிடலாம்.

கரும்புகை
சரி சரி, சிலிகான் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். என் பழைய வண்டியில் யாரும் கையே வைக்காத சீல்கள்கூட வரிசையாகப் போகின்றன. அது ஏன்? அதில் யாரும் தண்ணீர் ஓரிங் போடவில்லையே.

ஸ்பானர்14
நல்ல கேள்வி. வயதானால் நைட்ரில் கெட்டியாகிப் போகும், அது ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு. டீசலில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் நைட்ரில் ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும். பல வருடம் அப்படி ஊதியபடியே சீல் பள்ளத்தில் பழகிவிடும். கந்தகம் குறைந்த டீசலாக மாற்றச் சுத்திகரிக்கும்போது அந்தச் சேர்மங்களும் குறைந்துவிடும். புது டீசலுக்கு மாறியதும் பழைய சீல் சுருங்கும். சுருங்குகிற அளவுக்கு ரப்பரில் உயிர் இருந்தால் பரவாயில்லை, கெட்டிப்பட்ட சீல் என்றால் இடைவெளி விழும். அமெரிக்காவில் 1993இல் குறைந்த கந்தக டீசல் வந்தபோது பழைய வண்டிகளில் பம்பு சீல்கள் ஒழுகியது இதனால்தான். புது சீல் போட்டவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

பழையடீசல்
அதனால்தான் பழைய வண்டியில் ஒரு சீலைத் தொட்டால் பக்கத்துச் சீல்களையும் மாற்றிவிடு என்று சொல்வது. கையே வைக்காதவரை அது அதன் பள்ளத்தில் சும்மா கிடக்கும். கழற்றித் திரும்ப மாட்டினால் பழைய படிவில் உட்காராது.

இரவுப்பயணி
ஃபில்டர் மாற்றியாயிற்று. ஓரிங் நகத்தால் தடவிப் பார்த்தேன், பழையது உண்மையிலேயே பள்ளத்தில் இருந்தது! சாவியை ஆறு தடவை ஆன் ஆஃப், முதல் செல்ஃபில் ஸ்டார்ட். ஒழுகவில்லை.

பழைய ஃபில்டரின் அடியில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் பிரிந்து நிற்கிறது, தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். அது என்ன?

பழையடீசல்
டீசலில் வாழ்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும். குடியிருப்பது தண்ணீரில், தின்பது டீசலை. அதனால்தான் இரண்டும் சேருகிற கோட்டில் வளரும். தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. மூன்று மாதம் கழித்து ஃபில்டரின் வடிகால் திருகைத் திறந்து மறுபடி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். மறுபடி அந்தக் கறுப்பு இருந்தால் டேங்கைக் கழுவ வேண்டியதுதான், ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய ஆயில் எடுக்கிற இடத்தில் கொடுங்கள்.

ஒற்றைமாட்டுவண்டி
வைட்டான் போட்டு மூன்று நாள் ஆயிற்று. சமதளத்தில் நிறுத்தியும் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆன பிறகு ஒரு நொடி லேசாகத் தடுமாறுகிறது. முன்பு அப்படி இல்லை. இன்னும் எங்கோ சின்னதாக ஏர் இருக்கிறதா?

ஸ்பானர்14
இருக்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். கிளாம்ப் ஒழுங்காகப் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஏர் இழுக்கும். ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி ஓடுவது சகஜம். விடாமல் நூல் கோத்த மாதிரி வந்தால் ஓட்டை இருக்கிறது. அப்புறம் அதே குழாயை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பொருத்துங்கள். அங்கேயும் குமிழி வந்தால் கோளாறு டேங்க் பக்கம். அங்கே சுத்தமாக இருந்தால் ஃபில்டர் மூடியிலேயே. சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அந்த பிளாஸ்டிக் டீசலில் விறைத்து உடையும்.

ஒற்றைமாட்டுவண்டி
பொருத்தினேன். பம்பு பக்கம் ஐந்தாறு விநாடிக்கு ஒரு குமிழி. ஃபில்டருக்கு முன்னால் ஒன்றுமில்லை, தேன் மாதிரி சுத்தமாக ஓடுகிறது. ஆக மூடிதான். கழற்றி, பெரிய ஓரிங்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் தலைமுடி ஒன்று குறுக்கே கிடந்தது, ரப்பரில் அதன் தடம் கோடு போட்ட மாதிரி பதிந்திருந்தது. என் பனியனைக் கிழித்துத் துடைத்ததில் வந்த நூலோ, என் தலைமுடியோ, தெரியவில்லை. பள்ளத்தைத் துடைத்து, ஓரிங்கைப் புரட்டிப் பார்த்து, டீசல் தடவி மாட்டிவிட்டேன். இப்போது குமிழி இல்லை.

பழையடீசல்
70 மைக்ரான் என்று சொன்னேனே, அதுதான்.

ஒற்றைமாட்டுவண்டி
ஒரு வாரம் ஆயிற்று, காலையில் அரை சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் மூடியைக் கழற்றி மாட்டிய அன்றிலிருந்தே மீட்டரில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. புது ஃபில்டரில் அதற்குள் தண்ணீரா?

டார்க்ரெஞ்ச்
ஃபில்டர் அடியில் சென்சார் ஒயர் ஒன்று வரும். இரண்டாவது முறை மூடியைத் திறந்தபோது கழற்றினீர்களா?

ஒற்றைமாட்டுவண்டி
கழற்றினேன்.

டார்க்ரெஞ்ச்
திரும்ப மாட்டினீர்களா?

ஒற்றைமாட்டுவண்டி
ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஒற்றைமாட்டுவண்டி
விளக்கு அணைந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.